விழித்ததும் வருகிறவள்

நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பொழுது தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது நின்றுபோகும். அதனால் ஒச்சப்பன் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மனைவி நீலாவதி கொடுக்கும் பால் போடாத தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு மலையேறிவிடுவான். பட்டையைக் கீறிக்கொண்டு மரம் மரமாகப் போய், சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப உச்சிப்பொழுது நெருங்கிவிடும். கைக்குழந்தை விழிக்கிற நேரத்தில் அவன் எப்போதும் மலையில்தான் இருந்தான். வீட்டில் நடந்துகொண்டிருந்தது அவனுக்கு அத்தனை நாள் தெரியாமல் போனது அப்படித்தான்.

வீடு என்று சொல்லக்கூடாது. வரிசை வீடுகளாக இருந்த பழைய லயத்துச் சுவர்கள் நிலநடுக்கத்தில் விரிந்துவிட்டன. சர்க்கார் மேட்டில் வரிசையாகப் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகைகளில்தான் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஒச்சப்பனின் அப்பா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த சனம் அது. அங்கே தேயிலை, இங்கே ரப்பர். எந்தத் தீவுக்குப் போனாலும் லயம்தான் நமக்கு என்று அவர் சொல்வாராம். கடைசியில் அந்த லயமும் போயிற்று.

சுனாமி தோட்டம் வரைக்கும் ஏறவில்லை. மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஒச்சப்பன் வீட்டில் மட்டும் ஒரு உயிர் குறைந்தது. அவனுடைய அக்காள் சொர்ணம்மாவும் அவள் புருசனும் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டி ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நீலாவதிக்கு அப்போது வயிற்றில் இரண்டு மாதம். சோறு கொதிக்கிற வாடையே ஆகாமல் படுத்துக் கிடந்தாள். அதனால் மூத்தவள் ஜெயராணியை, ஐந்து வயசுக்காரியை, கிறிஸ்துமஸ் முடிகிற வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொர்ணம்மா கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வந்தது. சொர்ணம்மாவை இரண்டு நாள் கழித்து ஒரு மரக்கிளையிலிருந்து உயிரோடு இறக்கினார்கள். அவள் புருசனும் ஜெயராணியும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நீலாவதி கடலைப் பார்க்கவில்லை. தீவு கொஞ்சம் தாழ்ந்துபோய், கரையோரத் தென்னைகள் கடலுக்குள் நின்று மொட்டையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தாள். மீன் சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். ராஷன் அரிசியும் பருப்பும், கிடைத்தால் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் என்று ஓட்டினாள். அதிலும் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. ஆடி மாதம் ரவிக்குமார் பிறந்தபோது, இவளுக்குப் பால் ஊறுமா என்று எல்லோருக்கும் பயமாக இருந்தது. ஊறியது. பிள்ளை தேறினான். மூன்றாம் மாதத்திலேயே ஆள் முகம் பார்த்துச் சிரித்தான். வரிசையில் இருந்த எல்லோரும், துக்கம் நடந்த அந்த வீட்டுக்கு, அந்தச் சிரிப்பைப் பார்க்கவே வந்து போனார்கள்.

வருச நினைவு நாள் வந்தது. ஜெட்டிப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றினார்கள். தீவின் பூர்வகுடிகளான நிக்கோபாரிகள் அவர்களுடைய மாதா கோயிலில் பாடியது மேடு வரைக்கும் கேட்டது. நீலாவதி போகவில்லை. அந்த வாரத்தில் ஒரு காலையில்தான் முதல் தடவையாக அது நடந்தது.

பிள்ளை தூங்கி எழுந்தான். கண்ணைத் திறந்த கொஞ்ச நேரத்தில் தலை மார்பை நோக்கிக் குனிந்தது. இரண்டு கையும் விரிந்து முன்னால் நீண்டன. முழங்கால்கள் வயிற்றோடு மடங்கின. ஒரு மூச்சு நேரம்தான், தளர்ந்துவிட்டான். பிறகு மறுபடியும் அதே குனிவு, அதே கை. அப்படியே அடுத்தடுத்து வந்தது. எல்லாம் முடிந்ததும் முகம் கோணி அழுதான். தகரச் சத்தத்தில் திடுக்கிட்டிருப்பான் என்று நீலாவதி தூக்கிப் பால் கொடுத்தாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

புருசனை இழந்த பிறகு சொர்ணம்மா இரண்டு கொட்டகை தள்ளி இருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீலா, அவன் யாருக்கோ கை நீட்டுறான் பாரு,” என்றாள்.

பாய் சுருட்டி வைத்திருந்த மூலையை நோக்கித்தான் அந்தக் கைகள் போயின. தூக்கு தூக்கு என்று கேட்கிற கைகள். பிறகு சொர்ணம்மா சொன்னாள். தன்னிடம் இருந்த அந்த மூன்று நாளும் ராணி தம்பிப் பாப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாளாம். பிறந்ததும் நான்தான் முதலில் தூக்குவேன் என்றாளாம். தூக்கினால் நழுவ விடக்கூடாது என்று ஒரு தேங்காயை மடியில் வைத்துப் பழகினாளாம்.

இதைச் சொர்ணம்மா அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீலாவதி மூலையைப் பார்த்தாள். அங்கே பாயும் ஒரு அரிசிச் சாக்கும் இருந்தன. ஆனால் அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஒரு வருசத்தில் முதல் தடவையாகத் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

அதன்பிறகு காலைகள் மாறின. ஒச்சப்பன் மலைக்குப் போனதும் சொர்ணம்மா வந்துவிடுவாள். இருவரும் பிள்ளையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவன் விழிப்பதற்காகக் காத்திருப்பார்கள். கைகள் நீளும்போது நீலாவதி மூலையைப் பார்த்துப் பேசுவாள். தம்பியை மெல்லப் பிடி என்பாள். தலை சீவியிருக்கிறாயா, பசிக்கிறதா, அங்கே குளிராக இருக்கிறதா என்று கேட்பாள். பதில் வராது. வர வேண்டும் என்றும் அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது தாய் உள்ளேயிருந்து பேசுவதில்லையா, அதுபோலத்தான். ஒச்சப்பனிடம் இருவருமே சொல்லவில்லை. ஆம்பிளைக் காதில் போட்டால் கலைந்துவிடும் என்று சொர்ணம்மா நினைத்தாள். நீலாவதிக்கு ஏன் சொல்லவில்லை என்றே தெரியவில்லை.

தை மாதம் போலியோ சொட்டு கொடுக்க நர்ஸ் எஸ்தர் வந்தாள். நிக்கோபாரிப் பெண். கடலோரத்தில் இருந்த அவளுடைய கிராமம் இப்போது தண்ணீருக்குள் இருந்தது. தாயும் தகப்பனும் அதில் போனவர்கள். அவள் டப்பாவைத் திறக்கும்போது பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்தான். எஸ்தர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, எல்லாம் முடிகிற வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யே மிர்கி ஹை, தீதி,” என்றாள். இது வலிப்பு என்று சொல்லிவிட்டு, தீவு இந்தியில் மெதுவாக விளக்கினாள். சின்ன வலிப்பு மாதிரிதான் தெரியும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவதிலேயே பொல்லாதது இதுதான், மூளையை வளர விடாது. அடுத்த கப்பலிலேயே போர்ட்பிளேருக்குக் கொண்டுபோ, இதற்கு இங்கே மருந்து இல்லை என்றாள். பிள்ளை சிரிக்கிறானா என்றும் கேட்டாள். நீலாவதி சிரிக்கிறான் என்றாள். சொன்ன பிறகுதான், கடைசியாக அவன் எப்போது சிரித்தான் என்பதே ஞாபகம் இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

எஸ்தர் போனதும் சொர்ணம்மா, அந்த நர்ஸ் புள்ளைக்கு அவங்க வேதம், நம்மது தெரியாது என்று முடித்துவிட்டாள். கப்பல் வந்தது, போனது. நீலாவதி புருசனிடம் வாய் திறக்கவில்லை.

ஒச்சப்பன் பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி ஒரு பந்து செய்து கொண்டுவந்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக அதை ஆட்டுவான். முன்பெல்லாம் எது ஆடினாலும் கண் கூடவே போகும். இப்போது பந்து ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஏன் பார்க்கமாட்டேன் என்கிறான் என்று கேட்டான். தூக்கக் கலக்கம் என்று நீலாவதி சொன்னாள். கழுத்தும் துவளுகிறதே என்றான். அதற்கு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பருவம் தப்பிய மழை ஒன்று வந்தது. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். கங்காணி வேலை இல்லை என்று சொல்லி அனுப்ப, ஒச்சப்பன் திரும்பி வந்து ஈரத்துண்டைக் கொடியில் போட்டான். தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்ததால், அவன் உள்ளே வந்தது நீலாவதிக்குக் கேட்கவில்லை. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மகன் குனிந்து குனிந்து கை விரித்துக்கொண்டிருந்தான். அவளோ மூலையைப் பார்த்து, அவன் ஒரு வருசமாகக் கேட்காத ஒரு குரலில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் மகள் பெயர் இருந்தது.

அவன் கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். பிள்ளையின் உடம்பில் கடைசி இரண்டு இழுப்பும் அப்பனின் மார்பில் வந்து மோதின. எத்தனை நாளாக என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்தர் சொன்னதையும் மறைக்கவில்லை.

“மருந்து குடுத்தா அவ வரமாட்டா,” என்றாள்.

ஒச்சப்பன் மழை ஓய்கிற வரை நின்றுகொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“எங்க வந்து நிக்கிறா?”

அவள் மூலையைக் காட்டினாள். அவன் அங்கே கிடந்த அரிசிச் சாக்கை எடுத்து வேறு பக்கம் வைத்தான். மறுநாள் மழை இல்லை. இருந்தும் அவன் மலைக்குப் போகவில்லை. குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சொர்ணம்மாவும் வந்தாள். மூன்று பேரும் பிள்ளை விழிக்கக் காத்திருந்தார்கள். அந்த வாரத்துக் கப்பலும் அவர்கள் இல்லாமல் போயிற்று.

மூன்று பேரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலைகளில் ஒன்றில்தான் நீலாவதிக்கு அந்த எண்ணம் வந்தது. சந்தேகம் என்று சொல்ல முடியாது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். பால் குடிக்கும்போதுகூட அவன் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, அக்காள் ராணியை மட்டும் பார்க்கிறானே, எப்படித்தான் பார்க்கிறான் என்று அறிய ஆசை வந்தது. அவள் எழுந்து மூலைக்குப் போனாள். ராணி நிற்கும் இடம் என்று நினைத்த இடத்தில், ராணியின் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

பிள்ளை விழித்தான். தலை குனிந்தது. கைகள் அவளை நோக்கி நீண்டன. அவள் அவன் கண்களைப் பார்த்தாள்.

கண்கள் ஓரத்தில் செருகியிருந்தன. அவற்றில் யாரும் இல்லை. அவளும் இல்லை, அவளுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டியவளும் இல்லை. கைகள் விழுந்தன, மறுபடி எழுந்தன. ஒவ்வொரு தடவை எழுந்தபோதும், ஒரு சின்ன உடம்பை யாரோ உள்ளேயிருந்து சுண்டி இழுப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் அவன் அழுதான். இத்தனை நாளும் அந்த அழுகையை, அக்காள் போய்விட்டாள் என்று அழுவதாக நினைத்திருந்தாள். எதிரே இருந்து பார்க்கும்போது அது பயந்த அழுகையாக இருந்தது.

“என்னாங்க, கப்பல் எப்ப?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை.” ஒச்சப்பன் தயங்கினான். “ராணி?”

“அங்க யாரும் இல்லீங்க. நான் போயி உக்காந்து பாத்துட்டேன்.”

சொர்ணம்மா அன்றைக்கு ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துவிட்டாள். மருந்தைக் கொடுத்து என் புள்ளையை விரட்டப் போகிறீர்களா, ஒரு தரம் தண்ணிக்குக் கொடுத்தது போதாதா என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒச்சப்பன் துணிகளை மூட்டை கட்டினான். வெள்ளிக்கிழமை வரை அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

பழைய ஜெட்டி உடைந்து கிடந்ததால், டிங்கிப் படகில் போய்த்தான் கப்பலேற வேண்டும். நீலாவதி பிள்ளையை மார்போடு சேர்த்துச் சேலையால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி புருசனின் கையைப் பிடித்து இறங்கினாள். கப்பலில் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள், போர்ட்பிளேர் வந்த பிறகுதான் திரும்பினாள். வழியிலும் பிள்ளைக்கு அது வந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெங்காலி அம்மாள், சாமி கும்பிடுகிறான் என்று சொல்லித் தானும் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்தது அலமு என்ற டாக்டர். மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவள் பிள்ளையின் தலையை அளந்தாள், தோலில் வெளுத்த தேமல் இருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்தாள், வலிப்பு வரும் வரை காத்திருந்து அதையும் பார்த்தாள். சென்னையில் யாரிடமோ போனில் வெகுநேரம் பேசினாள். பிறகு இருவரையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னாள். மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் தாறுமாறாகக் கிடக்கிறது, அது ஓய்ந்தால்தான் பிள்ளை பார்க்கவும் கற்கவும் முடியும். மருந்து இருக்கிறது, ஆனால் கடுமையான மருந்து. முகம் ஊதும், ஓயாமல் பசிக்கும், எதற்கெடுத்தாலும் வீறிடுவான், சளி காய்ச்சல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நானாக நிறுத்தச் சொல்லும் வரை ஒருநாள்கூட விடக்கூடாது.

வயிற்றில் இருக்கும்போது தாய் பட்ட பயம் பிள்ளைக்கு இறங்குமா என்று நீலாவதி கேட்டாள். இல்லை என்றாள் டாக்டர். எதனால் வந்தது என்று எனக்கே தெரியவில்லை, மெயின்லேண்டில் டெஸ்ட் எடுத்தால் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றாள்.

“முந்தியே வந்திருந்தா?” என்று நீலாவதி கேட்டாள்.

“வந்திருந்தா நல்லதுதாம்மா. எவ்வளவு நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது,” என்றாள் டாக்டர்.

மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்து முதல் தடவை புகட்டியது நீலாவதிதான். டாக்டர் சொன்னது எல்லாம் புரிந்திருந்தது. மூலைக்குப் போய்ப் பார்த்தவளும் அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை மருந்து உள்ளே போகும்போதும், வெளியே நிற்கிற ஒரு பிள்ளையின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்துகிற மாதிரியே இருந்தது. மருந்து புகட்டுகிற பாலாடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

பிள்ளை ஊதினான். கன்னம் தொங்கியது. பகலெல்லாம் வீறிட்டான், வார்டில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இழுப்புகள் முதலில் குறைந்தன, பிறகு ஒன்று இரண்டாக வந்தன. ஒரு காலையில் அவன் விழித்தான். நீலாவதி கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் கொட்டாவி விட்டான். பசிக்குச் சிணுங்கினான். வெயில் ஜன்னலில் ஏறும் வரை அவள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

அப்போதுதான் அவள் ஜெயராணிக்காக அழுதாள். அலை வந்த அன்றைக்கு அழாதவள், நினைவு நாளுக்கும் அழாதவள், ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வார்டில் இருந்த பெண்கள் பிள்ளை போய்விட்டது என்று நினைத்து ஓடிவந்தார்கள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் தீவுக்குத் திரும்பியபோது பங்குனி ஆகிவிட்டது. மறுநாள் இருட்டோடு சொர்ணம்மா வந்தாள். யாரிடமும் பேசாமல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். ஊதிய முகத்தோடு பிள்ளை விழித்தான், விரலைச் சப்பினான், மறுபடி தூங்கிப்போனான். சொர்ணம்மா அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். நீலாவதி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், அவள் எதிரிலேயே மாத்திரையைப் பொடிப்பாள். ஒருநாள் சொர்ணம்மா அந்தக் கிண்ணத்தை வாங்கித் தானே கரைத்தாள்.

“நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் நீலா,” என்றாள். “என் கண்ணுக்கும் ஒருநாளும் தெரியல.”

“எனக்கும் தெரியல மதினி.”

ராணிக்காகப் பெரியவர்களைக் கேட்டதில், சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, கடலில் பால் ஊற்றிவிட்டு வந்தால் போதும் என்றார்கள். தோட்டத்தில் மாடு இல்லை. ஒச்சப்பன் பால்பவுடரைக் கட்டி இல்லாமல் கரைத்துச் செம்பில் எடுத்துக்கொண்டான். மாத்திரை நின்று, முகத்து ஊதல் வடிந்திருந்த சமயம் அது. பத்து மாதம் முடிந்தும் பிள்ளை தானாக உட்காரவில்லை. கழுத்து நின்றிருந்தது, அவ்வளவுதான். பந்தை ஆட்டினால் சில நாள் பார்ப்பான், சில நாள் பார்க்கமாட்டான். எஸ்தர் வாரம் தவறாமல் வந்து கைகால்களை நீட்டி மடக்கக் கற்றுக்கொடுத்தாள். அவன் சிரிப்பான் என்று அவள் சொல்லவும் இல்லை, சிரிக்கமாட்டான் என்று சொல்லவும் இல்லை.

மேட்டிலிருந்து இறங்கும் பாதையில் நீலாவதி தலை நிமிராமல் நடந்தாள். டீக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. சொர்ணம்மா அதோடு நின்றுவிட்டாள், அதற்கு மேல் என்னால் முடியாது என்று அந்தத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒச்சப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். ஈர மணல் தொடங்கும் இடத்துக்கு வந்துதான் நீலாவதி கண்ணை உயர்த்தினாள். செத்த தென்னைகள் தலையில்லாமல் கடலுக்குள் நின்றன. அவற்றுக்கு அப்பால் கடல் சாதாரணமாக இருந்தது. வெயிலில் மினுமினுத்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு அலை வந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் நுரைத்து உடைந்தது. இடுப்பில் இருந்த பிள்ளையின் உடம்பு துள்ளியது. அவள் சட்டென்று குனிந்து அவன் கைகளைப் பார்த்தாள். கைகள் அவள் சேலையைப் பிடித்திருந்தன. அவன் கண்கள் திரும்பிப் போகிற நுரையைப் பிடித்துக்கொண்டு கூடவே போயின. அடுத்த அலை உடைந்தபோது அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தண்ணீரில் நின்ற ஒச்சப்பன் செம்பும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். பால் பாதிதான் ஊற்றியிருந்தான். பின்னால் சொர்ணம்மா எழுந்து நின்றாள். பிள்ளை ஒவ்வொரு அலைக்கும் சிரித்தான், உரக்கச் சிரித்தான்.

நீலாவதியின் கை தானாக எழுந்து அவன் முகத்தைத் தன் தோளில் திருப்பி அழுத்தியது. அதைப் பார்த்தா சிரிக்கிறாய் என்று கேட்க வாய் வந்தது. அவன் சிணுங்கிக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பப் பார்த்தான். அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு, அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, இன்னும் இரண்டடி தண்ணீருக்குள் இறங்கி நின்றாள்.